எல்லோருக்கும் கல்கத்தாவில் ஒரு சித்தப்பா இருப்பதில்லை

தமிழ்நாடு உயர்கல்வித் துறைக்கும், மாநில உயர்கல்வி மன்றத்துக்கும், அரசுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும்,

வணக்கம். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் 22 வருடமாக வேதியியல் நடத்துகிறேன். பி.எஸ்சி., பி.இ. படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்துக்குப் போய் வேலை கற்றுக்கொள்வதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அதற்குத்தான் ஏற்கெனவே திட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. எங்கள் ஊர்வரை வந்து சேருவதில்லை என்பதுதான் என் புகார்.

முதலில் ஒரு பழைய கதை. 1928 கோடையில், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் கல்கத்தா போனான். அங்கே அவனுடைய சித்தப்பா ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். சித்தப்பா பெயர் சி.வி. ராமன். இன்று அவர் பெயரால் வழங்கும் விளைவு அந்தப் பிப்ரவரியில்தான் கண்டறியப்பட்டிருந்தது. பையன் ஊர் திரும்பிய சில மாதத்தில் ஜெர்மன் இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். இவன் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய், உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்று நின்றான். அந்தப் புத்தகத்தில் உள்ள இயற்பியல் பழசாகிவிட்டது என்று சொன்ன அவர், தன்னுடைய புதிய கட்டுரையின் அச்சுப்படிகளைக் கையில் கொடுத்து அனுப்பினார். 1929இல் பையனின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்துவிட்டது. அப்போது அவன் பட்டமே வாங்கியிருக்கவில்லை. சுப்ரமணியன் சந்திரசேகர், 1983இல் நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் மேதை என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சித்தப்பாமேல்தான் கண். மூளை சந்திரசேகருடையதுதான், யார் இல்லை என்றது? ஆனால் முன்பின் தெரியாத பேராசிரியரின் கதவைத் தட்டுகிற துணிச்சல் மூளையில் இருந்து வருவதில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்து, அவர்கள் குழம்புவதையும் சண்டை போடுவதையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது தானாக வந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்குச் சித்தப்பா இருக்கிறார். லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பட்டாசு ஆலையில் இருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் இல்லை.

கோடைக்கால ஆய்வுத் திட்டம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்: சித்தப்பா இல்லாத பிள்ளைக்கு அரசு ஒரு சித்தப்பாவை ஏற்பாடு செய்துகொடுப்பது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1969இல் மார்கரெட் மக்விகாரைக் கொண்டு இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டத்தை ஆரம்பித்தது. அங்கே உள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நாடு முழுக்கக் கோடை ஆய்வு மையங்களுக்குப் பணம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு நிபந்தனை. மையம் நடத்துகிற பல்கலைக்கழகம் தன் மாணவர்களையே வைத்து இடத்தை நிரப்பக் கூடாது. வெளியிலிருந்து, அதிலும் ஆய்வு வசதியில்லாத கல்லூரிகளிலிருந்து, கணிசமான பேரை எடுத்தாக வேண்டும். மாணவருக்கு உதவித்தொகையும் தங்கும் இடமும் உண்டு.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. அதே ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமி, வேறு இரண்டு அறிவியல் அகாதெமிகளோடு சேர்ந்து, ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களை இரண்டு மாதம் ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் கோடைப் பயிற்சி உண்டு. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்தில் வருடத்துக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ஆய்வுக்கு என்றே ஒதுக்கியது. ஆனால் அதற்கு வழக்கமான வழி பன்னிரண்டாம் வகுப்பில் மேல் ஒரு சதவீதத்துக்குள் வருவது. 1999இல் தொடங்கிய கே.வி.பி.ஒய். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடந்தது. தமிழிலும் வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை வழக்கு போனது. கடைசியில் 2022இல் அந்தத் திட்டத்தையே இன்ஸ்பயரோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, ஏற்கெனவே நன்றாக மார்க் வாங்கியவர், நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர், இப்படி ஒன்று இருப்பது தெரிந்த ஆசிரியரிடம் படிப்பவர் உள்ளே போகிறார். மற்றவர்களுக்கு விண்ணப்பம் முடிந்த பிறகு தெரியவரும்.

இனி என் வகுப்புக்கு வருகிறேன்.

இரண்டாம் ஆண்டில் நீரின் கடினத்தன்மை பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. கூம்புக் குடுவையில் தண்ணீர், அம்மோனியா பஃபர், எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு. திராட்சைச் சிவப்பு வரும். பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. கரைசலை விட விட ஒரு சொட்டில் நீலமாக மாறும். அந்தச் சொட்டுதான் கணக்கு. பெரும்பாலான பிள்ளைகள் சீனியர் ரெக்கார்டில் என்ன வந்திருக்கிறதோ அதற்குக் கிட்டத்தில் ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். எங்களுக்கும் அது தெரியும். கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

ஒரு மாணவி தன் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குளிர்பான பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு நீலம் வரவில்லை. ஊதாவில் போய் நின்றுகொண்டது. இன்னும் பத்து மில்லி விட்டாலும் அப்படியே நின்றது. "மேம், எண்ட் பாயின்ட் வர மாட்டேங்குது" என்றாள். "கை சுத்தமில்லாம பண்ணியிருப்ப, திரும்பப் பண்ணு" என்றேன். அறுபது பேர் நிற்கிற லேபில் வேறென்ன சொல்வேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். ஆனால் அது தப்பு. மூன்று முறை செய்துவிட்டு மூன்று முறையும் ஊதா என்று எழுதிவைத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "மேம், எங்க வீட்டுக் குடத்துல அடியில துரு மாதிரி படியும். அதுனாலயா இருக்குமா?" என்று கேட்டாள்.

அதுதான் காரணம். தண்ணீரில் இரும்பு இருந்தால் அது அந்த நிறங்காட்டியைப் பிடித்துக்கொண்டு விடாது. ட்ரைஎத்தனோலமைன் என்று ஒன்று உண்டு, இரும்புக்கு முகமூடி போட்டு உட்காரவைத்துவிடும். அதை வாங்கிச் சேர்த்துப் பார்த்தோம். நீலம் பளிச்சென்று வந்தது. அவள் சிரித்த சிரிப்பை நான் எழுத வரவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு: இதற்கு அவளுக்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். ரெக்கார்டில் பன்னிரண்டு சோதனை வேண்டும்; இந்த வேலையில் அவளுக்கு இரண்டு சோதனை குறைந்து, இன்டர்னலில் அடி விழுந்தது.

அவளைக் கோடைத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வைத்தேன். எதற்காக ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். முதலில் எங்கிருந்தோ எடுத்த 'சிறு வயது முதலே அறிவியல்மீது தீராத ஆர்வம்' வகையறாவை எழுதிக்கொண்டு வந்தாள். கிழித்துப் போட்டுவிட்டு, குடத்தைப் பற்றித் தமிழில் எழுது, ஆங்கிலத்தில் நான் உட்கார்ந்து உதவுகிறேன் என்றேன். இடம் கிடைத்தது.

அப்புறம்தான் உண்மையான பரீட்சை. அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். "டீச்சர், லீவுல புள்ள ஜவுளிக்கடைக்குப் போகும். ரெண்டு மாசச் சம்பளத்துல அடுத்த வருஷ ஃபீஸும் பஸ் செலவும் ஓடும். அங்க எவ்வளவு தருவாங்க?" கிட்டத்தட்ட அதே அளவு தருவார்கள், ஆனால் எட்டு வாரம் முடிந்து, அறிக்கை கொடுத்து, வங்கிக் கணக்குச் சரிபார்த்து, அப்புறம். ரயில் டிக்கெட், விடுதி முன்பணம், மெஸ் எல்லாம் கையிலிருந்து போக வேண்டும். எங்கள் துறையில் நாலு பேர் சேர்ந்து போட்டோம். பணம் வந்ததும் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு வருடமும் இப்படிச் செய்ய எங்களால் ஆகாது, செய்யவும் கூடாது.

அதே வருடம் இன்னொரு பையனுக்கும் இடம் கிடைத்தது. அவன் போகவில்லை. சேர வேண்டிய தேதிக்குப் பத்து நாள் கழித்து செய்முறைத் தேர்வு போட்டிருந்தார்கள். கல்லூரியில் கேட்டோம், பல்கலைக்கழகத்தில் கேட்டோம், ஒருவருக்காகத் தேதியை மாற்ற விதியில் இடமில்லை என்றார்கள். ஆய்வகத்தில் கேட்டோம், விடுதி மே முதல் வாரத்திலிருந்துதான், தாமதமாகச் சேர முடியாது என்றார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். யார்மேலும் குற்றமில்லை, பையன் மட்டும் வீட்டில் இருந்தான்.

போனவள் முதல் வாரம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினாள். போனில் அழுதாள். இரண்டாவது வாரத்திலிருந்து பிஎச்.டி. படிக்கிற ஓர் அக்கா அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்த லேப் நோட்டை எங்கள் துறை முழுக்கக் காட்டினேன். எல்லாம் பேனாவில் எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் தேதி. தப்பான அளவீடுகளின் மேல் ஒற்றைக் கோடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி, பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரு வரி. எங்கள் ஆப்சர்வேஷன் நோட்டில் பிள்ளைகள் பென்சிலில் எழுதுவார்கள், அழிப்பதற்கு வசதியாக. 22 வருடம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேற்படிப்புக்கு இது எப்படி உதவுகிறது என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். என்னைப் போன்றவர்கள் எழுதும் கடிதத்தில் 'ஒழுக்கமான மாணவி, வகுப்பில் முதலிடம்' என்று இருக்கும். அதை வைத்து அவர்கள் எதுவும் முடிவுசெய்ய முடியாது. எட்டு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தவர், 'கருவி கெட்டுப்போன அன்று இவள் என்ன செய்தாள்' என்று எழுதலாம். நம் ஐ.ஐ.எஸ்சி., டி.ஐ.எஃப்.ஆர். போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களின் நேர்காணலிலும் எழுத்துத் தேர்வைத் தாண்டி உட்கார்ந்தால், நீ செய்த ப்ராஜெக்டைப் பற்றிச் சொல் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இன்னொரு பயனும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது ஒத்துவராது என்று எட்டு வாரத்தில் தெரிந்துகொள்வது, பிஎச்.டி.யில் சேர்ந்து மூன்றாவது வருடம் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

பொறியியல் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஆய்வு கட்டாயம்; கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். அதன் பலனைப் பார்க்க வேண்டுமானால் எந்தப் பெரிய ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கமும் மாடிப்படி ஏறிப் பாருங்கள், ப்ராஜெக்ட் சென்டர் இருக்கும். என் அண்ணன் மகனோடு ஒரு முறை போயிருக்கிறேன். சுவரில் தலைப்புகளின் பட்டியல், டிபன் கடைப் பலகை மாதிரி. கம்ப்யூட்டர் புரோகிராம் மட்டும் ஒரு விலை, ரிப்போர்ட் சேர்த்து ஒரு விலை, ஹார்டுவேர் கிட் என்றால் தனி விலை. பேஸ் பேப்பர், அதாவது அடிப்படையாகக் காட்ட வேண்டிய ஆய்வுக் கட்டுரை, அதையும் அவர்களே தருவார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள் இரண்டு மணி நேரம் விளக்கமும் உண்டு. "ஜீரோத் ரிவியூவுக்கு பி.பி.டி. ஃப்ரீ" என்றார் கடையில் இருந்த தம்பி, ரொம்பப் பணிவாக. வாங்குகிற பிள்ளைகளைத் திட்டி என்ன செய்வது? ஒரு கைடுக்கு இத்தனை பேட்ச், கேட்பதற்கு ஆளில்லை, ஆனால் தேதிக்குள் பைண்டு செய்த ரிப்போர்ட் மேஜைக்கு வர வேண்டும். போதாததற்குச் சில இடங்களில் ஒரு பப்ளிகேஷனும் கேட்கிறார்கள். காசு கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுத் தருகிற இதழ்கள் அதற்கென்றே முளைத்திருக்கின்றன.

அதனால் உங்களிடம் முதல் வேண்டுகோள்: தயவுசெய்து இதை எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிடாதீர்கள். யு.ஜி.சி. 2022இல் கொண்டுவந்த நான்காண்டுப் பாடத்திட்டத்தில், முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் கடைசி ஆண்டில் ஆய்வு செய்யலாம் என்று இருக்கிறது. நான்காண்டுப் பட்டம் நமக்கு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. 75 என்ற எண்மேல் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊதாவில் நின்ற பெண் 68 சதவீதம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மாநிலத்தின் பணத்தில், மாநிலத்துக்குள்ளேயே, எட்டு வாரக் கோடை ஆய்வுத் திட்டம் ஒன்று. முதல் வருடம் ஐந்நூறு பேர் போதும். இடத்துக்கா பஞ்சம்? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்தது. அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கல்பாக்கம். கோயம்புத்தூரில் 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம். மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி. கொடைக்கானலில் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆய்வகம். ஊட்டியில் மலைச்சரிவின்மேல் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியை அந்த மலையடிவாரத்துப் பிள்ளைகள் சுற்றுலாப் பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். இவை மத்திய அரசின் நிறுவனங்கள், உங்கள் சொல் அங்கே நேராகச் செல்லாது என்பது தெரியும். ஒப்பந்தம் போடலாமே. அதுவரை உங்கள் கையில் இருக்கிற பல்கலைக்கழகத் துறைகளும் அண்ணா பல்கலைக்கழகமும் வேளாண் பல்கலைக்கழகமும் போதும். மே மாதம் விடுதிகளில் நிறைய அறை காலியாகத்தான் கிடக்கும்.

பணத்தில் பாதியைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். தொகை, கோடையில் கடைக்கோ ஆலைக்கோ போனால் கிடைக்கும் சம்பளத்துக்கு ஒரு ரூபாயாவது கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அப்பாவிடம் நான் என்ன பதில் சொல்வேன்? விண்ணப்பத்தைத் தமிழிலும் வாங்குங்கள். நுழைவுத் தேர்வு வேண்டாம், வைத்தால் அடுத்த மாதமே அதற்கொரு கோச்சிங் சென்டர் திறந்துவிடும். மாணவர் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி ஆசிரியர் ஒரு பக்கம், தான் செய்து பார்த்துச் சரிவராமல் போன ஒன்றைப் பற்றி மாணவர் ஒரு பக்கம். அதைப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்நூறு பேருக்கு அதைப் படிக்க ஆள் இருப்பார்கள். வேண்டுமானால் நானே வந்து உட்காருகிறேன்.

வழிகாட்டுகிறவர்களையும் கவனியுங்கள். எங்கள் கல்லூரிகளில் நல்ல ஆய்வு செய்துவிட்டு வந்திருக்கும் இளைஞர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு வருடத்தில் பதினொரு மாதம்தான் சம்பளம். இல்லாத மாதம் மே. கோடைத் திட்டம் நடக்க வேண்டிய மாதமும் அதேதான். அந்த ஒரு மாதச் சம்பளத்தை இந்தத் திட்டத்தின் வழியாகக் கொடுத்தால் இரண்டு பேர் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு 2022இல் 'நான் முதல்வன்' கொண்டுவந்தீர்கள். என் மாணவர்கள் சிலர் அதில் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள், குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதே வலைதளத்தில் இன்னொரு கதவு திறந்தாலும் போதும். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுக்குச் சிறு தொகை தருகிறது. நல்ல திட்டம், ஆனால் அது வேதிப்பொருள் வாங்கத்தான் காணும், பிள்ளை சாப்பிடக் காணாது.

இவையெல்லாம் பட்ஜெட், அரசாணை என்று போகும், நேரம் பிடிக்கும், சரி. ஒன்றை மட்டும் பைசா செலவில்லாமல் இந்த வருடமே செய்யலாம். செய்முறைத் தேர்வுகளை ஏப்ரல் முடிவதற்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால், ஆய்வகத்தில் இடம் கிடைத்ததற்குக் கடிதம் காட்டுகிற மாணவருக்கு முன்கூட்டியே தனியாகத் தேர்வு நடத்தலாம் என்று ஒரு சுற்றறிக்கை. விண்ணப்பங்கள் நவம்பரிலேயே தொடங்கிவிடும். என்னிடம் இந்த முறை மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவன், இடம் கிடைத்தால் பரீட்சைக்கு என்ன செய்வது மேம் என்று இப்போதே கேட்கிறான்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருத்தி

பி.கு.: அந்த ட்ரைஎத்தனோலமைன் பாட்டிலை என் கைக்காசில்தான் வாங்கினேன். கல்லூரி வழியாக வாங்க மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். இன்னும் பாதி மீதி இருக்கிறது, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை. ஸ்டாக் தணிக்கைக்கு வருகிறவர்கள் மேல் அலமாரியில் வலது ஓரத்தில் பார்த்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் போனால் போதும்.